சும்மா கொடுத்த எக்ஸ்சேஞ்ச். காசு பார்த்தது யார்?

2018 செப்டம்பரில் கனடாவின் சங்கோமா நிறுவனம், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஹன்ட்ஸ்வில் நகரில் இருந்த டிஜியம் என்ற கம்பெனியை வாங்கியது. விலை சுமார் 2.8 கோடி டாலர். அடுத்த மாதமே சான்பிரான்சிஸ்கோவின் ட்விலியோ, சென்ட்கிரிட் என்ற மின்னஞ்சல் கம்பெனியை வாங்கப்போவதாக அறிவித்தது. அதற்குப் பேசிய விலை சுமார் 200 கோடி டாலர்.

இரண்டு செய்தியும் வேறு வேறு பக்கங்களில் வந்து போயின. சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் சங்கதி புரியும். ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி மென்பொருளை எழுதி, உலகமே எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்து வைத்தது டிஜியம். ட்விலியோ தன் ஆரம்ப காலத்தில் வாடிக்கையாளர்களின் அழைப்புகளை ஓட்டியது அதே ஆஸ்டரிஸ்க்கின் மேல்தான். எழுதியவர் 2.8 கோடிக்குக் கைமாறினார். எடுத்து ஓட்டியவர் 200 கோடிக்குக் கம்பெனி வாங்கும் இடத்துக்குப் போய்விட்டார்.

உச்சுக் கொட்ட அவசரப்பட வேண்டாம். டிஜியம் ஒன்றும் ஏமாந்த கம்பெனி இல்லை. 2006-ல் மேட்ரிக்ஸ் பார்ட்னர்ஸ் 1.38 கோடி டாலர் முதலீடு செய்யும் வரை வெளியார் பணம் இல்லாமலே அது வளர்ந்தது. மென்பொருளை இலவசமாகக் கொடுத்துக்கொண்டே மாதாமாதம் சம்பளம் போட்டது. எதை விற்றுப் போட்டது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அட்டையில் ஒட்டிய காசு

1999. மார்க் ஸ்பென்சர் ஆபர்ன் பல்கலைக்கழக மாணவர். அதற்கு முன்பே கெய்ம் என்ற சாட் மென்பொருளை எழுதியவர் (பிற்பாடு பிட்ஜின் என்று பெயர் மாறியது இதுதான்). லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு போனில் உதவி செய்ய 'லினக்ஸ் சப்போர்ட் சர்வீசஸ்' என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார், பிற்பாடு டிஜியம் ஆனது இதுதான். போனில் உதவி என்றால் அழைப்புகளைப் பிரித்து அனுப்ப ஆபீஸுக்கு ஒரு எக்ஸ்சேஞ்ச் வேண்டும், நம் ஊரில் இபிஏபிஎக்ஸ் என்கிறோமே, அது. அன்றைக்கு அதன் விலை பல ஆயிரம் டாலர். அவரிடம் இருந்த மொத்த முதலே சுமார் 4,000 டாலர். ஆகவே கம்ப்யூட்டரில் ஓடும் எக்ஸ்சேஞ்ச் ஒன்றைத் தானே எழுத உட்கார்ந்தார். அதுதான் ஆஸ்டரிஸ்க். யாரும் எடுக்கலாம், ஆனால் மாற்றி விநியோகித்தால் கோடையும் திறந்து காட்ட வேண்டும் என்ற ஜிபிஎல் லைசென்ஸில் வெளியிட்டார்.

ஆனால் எக்ஸ்சேஞ்ச் என்பது வெறும் மென்பொருள் கோடு இல்லை. டெலிபோன் கம்பி கம்ப்யூட்டருக்குள் வந்து சேர வேண்டும். அதற்கான கார்டுகளில் அப்போது தனிச் சிப்புகள் பொருத்தி ஆயிரக்கணக்கான டாலர் விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இங்கேதான் ஜிம் டிக்சன் வருகிறார். தொலைபேசித் துறையில் ஊறிய மனிதர். சாதாரண கம்ப்யூட்டரின் பிராசசரே இப்போது போதிய வேகத்துக்கு வந்துவிட்டது, குரலை அலசும் வேலையை அதன் தலையில் கட்டிவிட்டால் கார்டுக்கு வேலையே இல்லை, கம்பியிலிருந்து மெமரிக்கும் மெமரியிலிருந்து கம்பிக்கும் பிட்டுகளைக் கடத்தினால் போதும் என்பது அவர் கணக்கு. டார்மெண்டா என்று பெயர் வைத்து அப்படியொரு கார்டை வடிவமைத்தார். வரைபடத்தை இணையத்தில் போட்டு, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டார். அவர் முதலில் டிரைவர் எழுதியது ஃப்ரீபிஎஸ்டிக்கு. ஸ்பென்சர் அதை லினக்ஸுக்குக் கொண்டுவந்தார். ஒருவரிடம் கார்டு இருந்தது, இன்னொருவரிடம் எக்ஸ்சேஞ்ச். இரண்டும் சேர்ந்ததும் ஒரு பழைய பிசியின் விலையில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கிடைத்தது.

டிஜியத்தின் வியாபாரம் இந்தக் கார்டுகள்தான். டிடிஎம்400பி என்ற கார்டைக் கையாண்டவர்கள் மறக்க மாட்டார்கள். உள்ளங்கை அகலப் பலகையில் நாலு இடம். சிவப்பு மாட்யூல் போட்டால் வெளியிலிருந்து வரும் லைன் அதில் சேரும். பச்சை மாட்யூல் போட்டால் மேஜை போன். பச்சை போட்டவர்கள் ஹார்ட் டிஸ்க்குக்குக் கொடுக்கும் பவர் கேபிளைக் கார்டின் ஓரத்திலும் சொருக வேண்டும். மறந்தால் டயல் டோன் வராது. புதிதாகக் கற்றவர்களில் பாதிப்பேர் கோடில் தப்பு தேடி ராத்திரியைத் தொலைத்தது இந்தக் கேபிளால்தான் இருக்கும். பெரிய ஆபீஸ்களுக்கு டி1, இ1 கார்டு. நம் ஊரில் பிஆர்ஐ லைன் என்கிறார்களே, அது இ1 வகை. ஒரே கம்பியில் 30 பேர் ஒரே நேரத்தில் பேசலாம்.

மென்பொருளை எத்தனை பேர் டவுன்லோட் செய்தாலும் டிஜியத்துக்கு நஷ்டமில்லை. ஒவ்வொரு டவுன்லோடும் ஒரு கார்டு விற்க வாய்ப்பு. கோடை நகலெடுக்கலாம், கார்டை நகலெடுக்க முடியாது. கணக்கு சரியாகத்தான் இருந்தது, கார்டையும் நகலெடுக்கும் வரை.

வரைபடமே திறந்துகிடக்கும்போது நகலெடுப்பது என்ன பெரிய காரியம்? டிஜியத்தின் எக்ஸ்100பி என்ற ஒற்றை லைன் கார்டு, ஒருவகை மோடம் சிப்பின் மேல் செய்தது. அதே சிப் உள்ள மலிவு மோடம்கள் இபேயில் கிடைத்தன. சீனாவின் ஷென்சென் நகரிலிருந்து ஓபன்வாக்ஸ் கம்பெனி, டிடிஎம்400பிக்குப் பதில் அப்படியே சொருகக்கூடிய கார்டைக் குறைந்த விலைக்கு இறக்கியது. கனடாவில் சங்கோமாவும் ஆஸ்டரிஸ்க் ஆட்களுக்குக் கார்டு விற்றது. ஆம், 2018-ல் டிஜியத்தை வாங்கிய அதே சங்கோமா. எதிர்க்கடைக்காரர் கடையையே வாங்கிவிட்டார்.

கார்டுக்கு அடுத்தபடி இன்னொரு வரும்படியும் இருந்தது. ஜி.729 என்ற கோடெக், நொடிக்கு 64 கிலோபிட் கேட்கும் குரலை 8 கிலோபிட்டில் அடக்கிவிடும். இணைய வேகம் பற்றாத காலத்தில் பொன் மாதிரி. ஆனால் அதற்குக் காப்புரிமை இருந்ததால் ஓப்பன் சோர்ஸில் சும்மா கொடுக்க வழியில்லை. டிஜியம் உரிமையாளர்களிடம் ஒப்பந்தம் போட்டு, ஒரு சேனலுக்கு 10 டாலர் என்று விற்றது. சாலை இலவசம், சுங்கச்சாவடியில் மட்டும் வசூல். இந்தத் தொழிலில் லாபம் பார்த்த எல்லாரும் ஏதோ ஒரு இடத்தில் இப்படியொரு சாவடி போட்டவர்கள்தான். சாவடி நிரந்தரம் இல்லை என்பது வேறு விஷயம். ஜி.729 காப்புரிமைகள் 2017 தொடக்கத்தோடு முடிந்தன, காசு கேட்கும் காரணமும் முடிந்தது. அதைவிடப் பெரிய அடி எஸ்ஐபி ட்ரங்க். டெலிபோன் லைனே இணையம் வழியாக வர ஆரம்பித்ததும் கம்பியும் இல்லை, சொருகக் கார்டும் வேண்டாம்.

இன்னொரு சாவடி, லைசென்ஸ். ஆஸ்டரிஸ்க்கை ஜிபிஎல் நிபந்தனையோடு எடுத்தால் இலவசம். உங்கள் பெட்டிக்குள் வைத்து, கோடை யாருக்கும் காட்டாமல் விற்க வேண்டுமா, டிஜியத்திடம் தனி லைசென்ஸ் வாங்குங்கள். இதற்காக வெளியிலிருந்து கோடு கொடுத்தவர்கள் எல்லாரும் டிஜியத்துக்கு உரிமை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. நாங்கள் சும்மா எழுதுவதை நீங்கள் விற்பதா என்று சிலர் முறைத்துக்கொண்டார்கள். 2005-ல் ஓபன்பிபிஎக்ஸ் என்று ஒரு கிளை பிரிந்து போனது. ஆஸ்டரிஸ்க்குக்கு நிறைய எழுதிக் கொடுத்திருந்த அந்தோணி மினெசேல், அதன் அடிப்படை அமைப்பே சரியில்லை என்று முதலிலிருந்து ஃப்ரீஸ்விட்ச் எழுதினார். லைசென்ஸ் எம்பிஎல், கொஞ்சம் தாராளமானது. அந்தத் தாராளம் யாருக்கு உதவியது? பெங்களூரில் இன்ஜினீயர்களை வைத்து வளர்ந்த ப்ளிவோ, 2011-ல் ஃப்ரீஸ்விட்ச்சின் மேல் ஓர் ஓப்பன் சோர்ஸ் கருவியாகத்தான் பிறந்தது. கொஞ்ச நாளில் நிமிடக் கணக்கில் காசு வாங்கும் கிளவுட் சேவையாகிவிட்டது. ஆன்லைன் வகுப்புகளுக்குப் பயன்படும் பிக்புளூபட்டனில் உங்கள் குரல் போய்வருவதும் ஃப்ரீஸ்விட்ச் வழியாகத்தான்.

ஆறு இலக்க எண்ணின் விலை

2008-ல் ஆரம்பித்த ட்விலியோவின் சூட்சுமம் எளிது. போன் பேசும் வசதியைத் தன் செயலியில் சேர்க்க நினைக்கும் புரோகிராமருக்குக் கார்டும் தெரியாது, டெலிகாம் கம்பெனியிடம் போய் நிற்கவும் பொறுமை இருக்காது. கிரெடிட் கார்டு எண்ணைக் கொடு, நாலு வரி எழுது, போன் அடிக்கும் என்றது ட்விலியோ. அடியில் ஓடும் மென்பொருள் இலவசம். வாடிக்கையாளர் காசு கொடுப்பது டெலிபோன் நம்பருக்கும், நிமிடத்துக்கும், எஸ்எம்எஸ்ஸுக்கும்.

இதில் என் கண்ணில் படுகிற வேடிக்கை வாட்ஸ்அப். அதன் சர்வர் ஆரம்பத்தில் இஜாபர்டி என்ற ஓப்பன் சோர்ஸ் சாட் சர்வரிலிருந்து உருவானது. அலெக்ஸி ஷெபின் 2002-ல் எழுத ஆரம்பித்தது அது. வாட்ஸ்அப் எடுத்து, தேவைக்கு மாற்றி, கோடிக்கணக்கானோரைத் தாங்கும்படி செதுக்கிக்கொண்டது. தன் சர்வரிலேயே ஓட்டிக்கொள்ளும் வரை, செய்த மாற்றங்களைத் திருப்பித் தரவேண்டிய கட்டாயம் ஜிபிஎல்லில் இல்லை. 2014-ல் ஃபேஸ்புக் அதற்கு 1,900 கோடி டாலர் விலை பேசியது.

அந்த வாட்ஸ்அப்புக்கும் கட்ட வேண்டிய சுங்கம் ஒன்று இருந்தது. புதிதாகச் சேருகிறவரின் போனுக்கு ஆறு இலக்க எண் அனுப்பி, இந்த நம்பர் உன்னுடையதுதானா என்று சரிபார்க்க வேண்டும். அது டெலிகாம் கம்பெனியின் வலையைத் தாண்டித்தான் போக வேண்டும். கோடு எழுதித் தப்பிக்க முடியாது. 2015-ல் ட்விலியோவின் மொத்த வருமானம் 16.69 கோடி டாலர். அதில் 17 சதவீதம் வாட்ஸ்அப் ஒன்றிடமிருந்தே வந்தது என்று, பங்குச் சந்தைக்குப் போகும்போது ட்விலியோ தாக்கல் செய்த ஆவணம் சொல்கிறது. கணக்குப் போட்டால் சுமார் 2.8 கோடி டாலர். டிஜியம் முழுக்கம்பெனியும் பின்னாளில் போன விலை.

ட்விலியோ கதையைக் கொடி கட்டிப் பறந்த கதை என்று எழுதிவிட்டுப் போவதும் நியாயமில்லை. அந்த 2015-ல் அதற்கு நஷ்டம் 3.55 கோடி டாலர். வரும் ஒவ்வொரு டாலரிலும் பாதிக்குச் சற்றுக் குறைவாக டெலிகாம் கம்பெனிகளுக்கும் சர்வர் வாடகைக்கும் போய்விடும். சாவடிக்குப் பின்னால் இன்னொரு சாவடி. பெரிய வாடிக்கையாளர் கொஞ்சம் விலகினாலும் ஆட்டம் காணும். 2017 மே மாதம், ஊபர் தன்னை நம்பியிருப்பதைக் குறைத்துக்கொள்கிறது என்று ட்விலியோ சொன்ன மறுநாள், அதன் பங்கு விலை கால்வாசி சரிந்தது. நம்பருக்கும் நிமிடத்துக்கும் காசு வாங்குகிறவரிடமிருந்து, இன்னும் குறைவாகக் கேட்கிறவரிடம் தாவுவது எளிது.

பத்துப் பேர், 90 வீடியோ

வீடியோ வந்ததும் சாவடியின் இடம் மாறியது. 2010-ல் கூகுள், குளோபல் ஐபி சொல்யூஷன்ஸ் என்ற கம்பெனியை 6.82 கோடி டாலருக்கு வாங்கி, அதன் குரல், வீடியோ தொழில்நுட்பத்தை மறு வருடமே வெப்ஆர்டிசி என்று திறந்துவிட்டது. பிரவுசரிலிருந்தே பேசலாம். இத்தனை நாள் காசுக்கு விற்ற சரக்கைக் கூகுள் வாங்கித் தெருவில் வைத்துவிட்டதால், அதை விற்று வாழ்ந்தவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

ஜிட்சியின் கதை இங்கே பொருந்தும். ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் எமில் இவோவ் 2003-ல் மாணவராக ஆரம்பித்த திட்டம். அவர் கம்பெனி புளூஜிம்ப்பை 2015-ல் அட்லாசியன் வாங்கியது. 2018-ல் ஜிட்சி 8எக்ஸ்8 கைக்குப் போனது. இரண்டு கம்பெனியும் ஜிட்சியைத் தனியாக விற்று லாபம் பார்க்க வாங்கவில்லை. தங்கள் சேவைக்குள் வைக்க ஒரு நல்ல வீடியோ எஞ்சின் வேண்டியிருந்தது, வாங்கினார்கள். இப்படியொரு வழியும் இருக்கிறது என்பதை ஓப்பன் சோர்ஸ் பேச்சில் பலர் விட்டுவிடுகிறார்கள்.

வீடியோவில் செலவு எங்கே என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு. ஒரு மீட்டிங்கில் பத்துப் பேர். ஒவ்வொருவரும் தன் வீடியோவை சர்வருக்கு ஒரே ஒரு தடவை அனுப்புகிறார். சர்வர் அதை மற்ற ஒன்பது பேருக்கும் பிரித்து அனுப்ப வேண்டும். உள்ளே பத்து, வெளியே 90. இருபது பேரானால் வெளியே 380. ஆள் இரட்டிப்பானால் பேண்ட்வித் பில் நாலு மடங்கு. (சின்னச் சதுரத்தில் தெரிபவரின் படத்தைக் குறைந்த தரத்தில் அனுப்புவது, கேமராவை மூடியவரிடமிருந்து எதுவும் அனுப்பாதது என்று இந்த எண்ணிக்கையைக் குறைக்க வித்தைகள் உண்டு. அடிப்படைக் கணக்கு மாறாது.) எல்லாருக்கும் திறந்திருந்த ஜிட்சியின் இலவச சர்வரில், 2023 ஆகஸ்டிலிருந்து மீட்டிங் தொடங்குகிறவர் ஏதாவது ஒரு கணக்கு மூலம் லாகின் செய்தாக வேண்டும் என்று ஆயிற்று. துஷ்பிரயோகம் என்று காரணம் சொன்னார்கள். யாரென்றே தெரியாதவருக்கு இலவசமாக சர்வர் ஓட்டுவதில் அந்தத் தொல்லை எப்போதும் உண்டு.

இந்தக் கணக்கை நன்றாகப் படித்தவர்கள் லைவ்கிட் ஆட்கள் என்பேன். 2021-ல் ஆரம்பித்த ஓப்பன் சோர்ஸ் வீடியோ சர்வர் அது. அப்பாச்சி 2.0 லைசென்ஸ், அதாவது எடுத்து என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். ஆனால் நீங்களே நிறுவி ஓட்டினால், ஒரு மீட்டிங் அறை முழுவதும் ஒரே சர்வருக்குள் அடங்க வேண்டும். சிங்கப்பூரில் இருப்பவர் சிங்கப்பூர் சர்வரிலும், லண்டனில் இருப்பவர் லண்டன் சர்வரிலும் சேர்ந்து ஒரே அறையில் பேசும் ஏற்பாடு அவர்களுடைய கிளவுட்டில்தான். கோடு திறப்பு, வலைப்பின்னல் அடைப்பு. ஒருவர் தன் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்து, செயலி எழுதி, ஆயிரம் வாடிக்கையாளர் சேர்ந்த பிறகுதான் சாவடிக்கு வருவார். அதற்குள் கோடு முழுக்க லைவ்கிட் மேல் எழுதியாகியிருக்கும். சாட்ஜிபிடியின் குரல் உரையாடலுக்கு ஓபன்ஏஐ லைவ்கிட்டைப் பயன்படுத்தியது. குரலில் பேசும் ஏஐ அலை அடித்த நேரத்தில் சரியான துறையில் படகோடு நின்றவர்கள்.

அரசாங்கமே வாடிக்கையாளர், ஆனாலும்

எலெமென்ட் கதை கசப்பானது. மேட்ரிக்ஸ் என்பது 2014-ல் அம்டாக்ஸ் கம்பெனிக்குள் மேத்யூ ஹாட்சன், அமாண்டின் ல பாப் இருவரும் தொடங்கிய திறந்த செய்திப் பரிமாற்ற ஏற்பாடு. 2017-ல் அம்டாக்ஸ் பணத்தை நிறுத்தியது. இருவரும் தனிக்கம்பெனி தொடங்கினார்கள், அதுதான் இன்றைய எலெமென்ட். பிரெஞ்சு அரசு தன் ஊழியர்களுக்கு ட்சாப் என்ற செயலியை மேட்ரிக்ஸில் கட்டியது. ஜெர்மன் ராணுவத்தின் மெசஞ்சரும் மேட்ரிக்ஸ்தான். இதற்கு மேல் என்ன விளம்பரம் வேண்டும்?

விளம்பரம் வந்தது, பணம் அந்த அளவுக்கு வரவில்லை. அரசு டெண்டர்களைப் பெரிய ஐடி ஒப்பந்தக்காரர்கள் எடுக்கிறார்கள். கோடு இலவசம், யாரையும் கேட்காமல் எடுத்து நிறுவிவிடலாம். எழுதியவருக்குச் சல்லிக்காசு தரவேண்டியதில்லை. எலெமென்ட் ஆட்குறைப்பு செய்ய வேண்டி வந்தது. 2023 நவம்பரில் தன் சர்வர் மென்பொருளான சினாப்ஸை அப்பாச்சி லைசென்ஸிலிருந்து ஏஜிபிஎல்லுக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. ஏஜிபிஎல்லில், மாற்றியெழுதி சர்வரில் ஓட்டினாலே அதைப் பயன்படுத்துபவர்களுக்குக் கோடைத் திறந்து காட்ட வேண்டும். பிடிக்காதவர்கள் எலெமென்ட்டிடம் தனி லைசென்ஸ் வாங்கலாம். அதற்காகக் கோடு கொடுப்பவர்கள் உரிமை எழுதிக் கொடுக்க வேண்டும். டிஜியம் ஆரம்பத்திலேயே செய்த அதே ஏற்பாடு. டிஜியம் முதல் நாளே வைத்த சாவடியை எலெமென்ட் ஒன்பது வருடம் கழித்து வைத்ததுதான் வித்தியாசம். போய்ப் பழகிய சாலையில் திடீரென்று சாவடி முளைத்தால் திட்டத்தானே செய்வார்கள். திட்டினார்கள். என்னைக் கேட்டால் எலெமென்ட் பக்கம்தான் நியாயம். ஆனால் தாராள லைசென்ஸால்தான் அரசாங்கங்கள் தயங்காமல் உள்ளே வந்தன என்பதையும் மறுக்க முடியாது.

நம் ஊர் டயலர்

இத்தனையும் அமெரிக்கா, ஐரோப்பா. நம் ஊரில் இந்தத் தொழில் வேறு உருவத்தில் நடக்கிறது. சென்னையிலோ கோவையிலோ ஒரு சின்ன கால் சென்டருக்குள் போனால், ஏஜென்ட் திரையில் விசிடயல் ஓடிக்கொண்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மேட் ஃப்ளோரெல் என்ற அமெரிக்கர் 2003 வாக்கில் ஆஸ்டரிஸ்க் மேல் எழுத ஆரம்பித்த ஓப்பன் சோர்ஸ் டயலர். பத்து ஏஜென்ட் இருந்தால், இருபதுக்கு மேல் நம்பர்களைத் தானே சுழற்றும். எடுத்து ஹலோ சொன்னவரைக் காலியாக இருக்கும் ஏஜென்ட்டிடம் தள்ளும். ஏஜென்ட் காலியில்லை என்றால் அது ட்ராப். நீங்கள் போனை எடுத்து ஹலோ ஹலோ என்று கத்தியும் எதிர்முனை பேசாமல் கட்டாகிறதே, பெரும்பாலும் அதுதான். பேசி முடித்ததும் ஏஜென்ட் டிஸ்போசிஷன் போட வேண்டும்: ராங் நம்பர், கால்பேக், சேல். போடாவிட்டால் அடுத்த கால் விழாது.

இதை நிறுவித் தருகிறவர்கள் இரண்டு மூன்று பேர் கம்பெனிகள். கொட்டேஷனில் சர்வர், எஸ்ஐபி ட்ரங்க், ஹெட்செட், இன்ஸ்டலேஷன், வருடப் பராமரிப்புக்கான ஏஎம்சி என்று வரிசையாக இருக்கும். மென்பொருளுக்கும் ஒரு தொகை போடுகிறவர்கள் உண்டு. பிறகு கூகுளில் தேடி, இது இலவசமாமே என்று சண்டைக்கு வரும் வாடிக்கையாளரும் உண்டு. இலவச மென்பொருளுக்குக் காசு வாங்குவது சட்டப்படி தவறில்லை. ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ் விற்பதைத் தடுப்பதில்லை.

ஏஎம்சி ஏன் வேண்டும் என்பது ஒரு திங்கட்கிழமை காலையில் தெரியும். எக்ஸ்டென்ஷன் 100-க்கு பாஸ்வேர்டும் 100 என்று வைத்து, எஸ்ஐபி அழைப்புகள் வரும் 5060 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து விட்டிருப்பார்கள். உலகம் முழுக்க இதைத் தேடிக்கொண்டே இருக்கும் புரோகிராம்கள் உண்டு. சனிக்கிழமை இரவு உள்ளே நுழைந்து, கேள்விப்படாத நாடுகளின் அதிகக் கட்டண நம்பர்களுக்கு விடிய விடிய அழைத்திருப்பார்கள். பில் கால் சென்டர் பெயரில். ஐஎஸ்டியைப் பூட்டி, தப்பாக பாஸ்வேர்டு போடும் முகவரிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன் போட்டு வைக்க ஒரு ஆள் தேவை. அந்த ஆளுக்குத்தான் காசு.

இன்னொரு வேலை, விதிகள். 2020 நவம்பருக்கு முன் கால் சென்டர் நடத்த தொலைத்தொடர்புத் துறையில் ஓஎஸ்பி பதிவு வேண்டியிருந்தது. இணையத்தில் வரும் வெளிநாட்டு அழைப்பைச் சாதாரண போன் லைனில் கோத்துவிடக் கூடாது. ஆஸ்டரிஸ்க்கில் அது ஒரே ஒரு வரி. எழுதினால் குற்றம். சட்டவிரோத எக்ஸ்சேஞ்ச் பிடிபட்டது என்று பேப்பரில் வரும் செய்திகளுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கோர்ப்புதான், பெரும்பாலும் பல சிம் கார்டுகளை ஒன்றாகச் சொருகும் சிம் பாக்ஸோடு. பதிவுக் கெடுபிடி இப்போது போய்விட்டது, புதிய கெடுபிடிகள் வந்துவிட்டன. விளம்பர அழைப்பு என்றால் 140 வரிசை நம்பர், வங்கி போன்றவர்களின் சேவை அழைப்புக்கு 1600 வரிசை. எஸ்எம்எஸ் அனுப்ப, அனுப்புநர் பெயரும் வாசகமும் டிஎல்டி தளத்தில் முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும். பதிந்த வாசகத்தில் ஒரு சொல் மாறினாலும் செய்தி போகாது. டயலர் நிறுவித் தருகிறவரிடம் இப்போது வாடிக்கையாளர் முதலில் கேட்பது ஆஸ்டரிஸ்க் தெரியுமா என்று இல்லை. டிஎல்டி பதிவை எத்தனை நாளில் முடித்துத் தருவீர்கள் என்றுதான்.